கதவடைத்த நாட்டுக்கு ஒரு தொடக்க வரலாறு வேண்டும் (உப்பில் மாட்டிக்கொண்டேன்)

தாம்வே பையன்:

எல்லோருக்கும் வணக்கம். கோயில் திருவிழா, தமிழ் வகுப்பு, கொள்ளுத்தாத்தாவின் ஊர் தேடுவது என்று போய்க்கொண்டிருக்கும் இந்தத் தமிழர் மன்றத்தில் இதைக் கேட்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் வேறு எங்கே போய்த் தமிழில் கேட்பது? நான் ரங்கூனில் தாம்வே பக்கம். கரண்ட் போகிற ராத்திரிகளில் ஐந்து பேர் மெழுகுவத்தியைச் சுற்றி உட்கார்ந்து கதை விளையாட்டு ஆடுகிறோம். சித்தப்பா பிள்ளைகள் இரண்டு பேர், கூடப் படித்த பர்மியப் பையன், அவன் தங்கை, நான். நான்தான் கதைசொல்லி. நாடு, ராஜா, பேய், பாதாளம் எல்லாவற்றையும் நான் உண்டாக்க வேண்டும், மற்றவர்கள் அதற்குள் புகுந்து இருபது முகத் தாயக்கட்டையை உருட்டி என் உயிரை எடுப்பார்கள்.

இப்போது உண்டாக்கியிருக்கும் நாட்டுக்குப் பெயர் அடைமலை. சுற்றிலும் மலை, ஒரே ஒரு கணவாய். 1,200 வருஷத்துக்கு முன்னால் முதற்கோன் என்கிற ராஜா தன் ஜனங்களைக் கூட்டிக்கொண்டு வந்து, கணவாயில் கல் கதவு நட்டு, இனி யாரும் வெளியே போவதில்லை, யாரும் உள்ளே வருவதில்லை என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கினான். அன்று மூடிய கதவு இன்றுவரை திறக்கவில்லை. இதை ஆறு பக்கம் எழுதி, செய்யுள் மாதிரி நாலு வரியும் போட்டுப் பெருமையாக வாசித்துக் காட்டினேன். நண்பனின் தங்கைக்கு வயது பதினைந்து. அமைதியாகக் கேட்டுவிட்டு, "உப்பு எங்கிருந்து வருகிறது?" என்றாள். மலைக்குள் கடல் ஏது, உப்புப் பாறை இருக்கிறது என்று சமாளித்தேன். "சரி, 1,200 வருஷத்தில் ஒருத்தர்கூட வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வெளியே போகவில்லையா? எங்கள் வீட்டிலேயே மூன்று மாமா போய்விட்டார்களே" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள், அன்றைக்கு ஆட்டம் அதோடு முடிந்தது.

அவள் சொல்வது சரிதான் என்று தெரிகிறது, ஆனால் எங்கே தப்பு என்று பிடிபடவில்லை. ஒரு நாடு எதற்காகத் தன்னை அடைத்துக்கொள்ளும்? அதன் தொடக்கத்தை எப்படிச் சொன்னால் நம்பும்படி இருக்கும்? சரித்திரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் கை கொடுங்கள்.

மோல்மேன்காரர்:

தம்பி, முதலில் அந்தப் பெண்ணுக்கு ஒரு கிண்ணம் மொய்ங்கா வாங்கிக் கொடுங்கள். அவள் இல்லாவிட்டால் உங்கள் நாடு ஆறு பக்கத்தோடு செத்திருக்கும்.

தப்பு எங்கே என்றால், நாடு பிறந்ததையும் கதவு அடைத்ததையும் ஒரே நாளில் வைத்துவிட்டீர்கள். பிறந்த அன்றே கதவைச் சாத்திய நாடு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. ஜப்பானையே எடுத்துக்கொள்ளுங்கள், எல்லோரும் உதாரணம் காட்டுவது அதைத்தானே. தோக்குகவா குடும்பம் ஆட்சிக்கு வந்தது 1603. அடைப்பு உத்தரவுகள் ஒவ்வொன்றாக வந்தது 1633-லிருந்து 1639 வரை, அதாவது முப்பது வருஷம் கழித்து, முதலில் ஆட்சியைப் பிடித்தவரின் பேரன் காலத்தில். அதுவும் கடலைப் பார்த்துத் திடீரென்று வெறுப்பு வந்து அல்ல. கிறிஸ்தவப் பாதிரிகளைப் பற்றிய பயம், 1637-இல் ஷிமபாராவில் கிளர்ச்சி, தெற்கத்தி ஜமீன்கள் வெளிநாட்டு வியாபாரத்தில் கொழுத்துவிடுவார்களோ என்ற கணக்கு, எல்லாம் சேர்ந்துதான் அது. போர்த்துக்கீசியரைத் துரத்தினார்கள். மறு வருஷம் மக்காவ் ஊரிலிருந்து சமாதானம் பேச ஒரு கப்பல் வந்தது, அதில் வந்தவர்களில் 61 பேரின் தலையை வெட்டினார்கள்.

இத்தனைக்குப் பிறகும் கதவு முழுதாக மூடவில்லை என்பதுதான் உங்களுக்கு வேண்டிய சங்கதி. நாகசாகி துறைமுகத்தில் தேஜிமா என்று விசிறி வடிவில் கையால் கட்டிய ஒரு குட்டித் தீவு, நீளம் 120 மீட்டர் இருக்கும், அவ்வளவுதான். 1641-லிருந்து டச்சுக்காரர்களை அதில் உட்கார வைத்தார்கள். சீனர்களும் நாகசாகிக்கு வந்தார்கள், கொரியாவுக்கு சுஷிமா வழி, ரியூக்யூ தீவுகளுக்கு சத்சுமா வழி, வடக்கே ஐனு மக்களோடு மட்சுமாயே வழி. எண்ணிப் பார்த்தால் நாலு ஓட்டை. எனக்கு ரொம்பப் பிடித்தது என்னவென்றால், டச்சுக் கப்பல் வரும்போதெல்லாம் உலகத்தில் என்ன நடக்கிறது என்று அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். அதை அரசாங்கம் மட்டும் படிக்கும். 1853-இல் பெர்ரி என்ற அமெரிக்கன் போர்க்கப்பலோடு வந்து நின்றபோது ஜனங்கள் ஆடிப்போனார்கள், ஆனால் அவன் வரப்போகிறான் என்பது முந்தின வருஷத்து டச்சு அறிக்கையிலேயே இருந்தது!

இன்னொன்று, 'சகோகு' என்று இப்போது சொல்கிறார்களே, 'பூட்டிய நாடு', அந்தச் சொல்லே அடைத்தவர்கள் சொன்னதில்லை. 1801-இல் நாகசாகி மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஒரு ஜெர்மன்காரரின் கட்டுரையை ஜப்பானிய மொழியில் பெயர்க்கும்போது உண்டாக்கிய சொல். நாங்கள் பூட்டிய நாடு என்பது அவர்களுக்கு வெளியூர்க்காரன் எழுதித்தான் தெரிந்திருக்கிறது.

ஆகவே உப்புக்கு உள்ளேயே பாறை வைத்துப் பிரச்சினையைத் தீர்த்துவிடாதீர்கள். உப்பு வரும் ஓட்டையை வையுங்கள். அந்த ஓட்டைக்குக் காவல் எந்தக் குடும்பம், அவர்கள் எவ்வளவு திருடுகிறார்கள், உங்கள் கதை முழுக்க அங்கேதான் இருக்கிறது.

சும்மா வந்தவன்:

அண்ணே, டிராகன் பறக்கிற கதைக்கு எதற்கு உப்புக் கணக்கு? மந்திரக் கதவு, மந்திர உப்பு, முடிந்தது. நம் ஜனங்களிடம் ஒரு கதையைக் கொடுத்தால் ரேஷன் கார்டு கேட்கிறார்கள்.

தாம்வே பையன்:

டிராகன் இருக்கிறது. அது என்ன தின்னும் என்றும் கேட்டாள்.

மோல்மேன்காரர்:

சும்மா வந்த தம்பிக்கு: நான் சிறுவனாக இருந்தபோது இந்த நாட்டுக்கு விசா 24 மணி நேரம்தான் கொடுத்தார்கள், பிறகு 7 நாள் ஆக்கினார்கள். டிவி வந்தது 1980-இல். 1970 டிசம்பரில் ஒரு நாள் விடிந்தபோது வண்டியெல்லாம் சாலையின் வலது பக்கம் ஓட வேண்டும் என்றார்கள், ஆனால் பஸ்ஸின் கதவு பழைய பக்கத்திலேயே இருந்தது, நடுச்சாலையில்தான் இறங்குவோம், பல வருஷம். 1987-இல் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று சொல்லிவிட்டு 45 கியாட், 90 கியாட் நோட்டு அடித்தார்கள். கூட்டிப் பாருங்கள், ஒன்பது, ஒன்பது. இதை ஒரு கற்பனைக் கதையில் எழுதினால் ரொம்ப அடித்துவிடுகிறான் என்பீர்கள். மந்திரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, மந்திரத்தைவிடக் கணக்கு விசித்திரமாக இருக்கும் என்கிறேன்.

பேகு அக்கா:

தம்பி, உப்புக்கு ஒரு சின்னத் திருத்தம். கடல் இல்லாத இடத்திலும் உப்பு உண்டு. ஷ்வேபோ பக்கம் ஹாலின் என்ற ஊர், பர்மியர்களுக்கு முன்பே இங்கே இருந்த பியூ மக்களின் பழைய நகரம், 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மூன்று நகரங்களில் ஒன்று. அங்கே உவர்நீரைக் காய்ச்சி உப்பு எடுப்பது பரம்பரைத் தொழில். ஆகவே அடைமலையில் ஒரு உவர் ஊற்று இருக்கலாம். ஆனால் அப்படி ஊற்று இருந்தால் உங்கள் முதற்கோன் வருவதற்கு முன்பே அதைக் காய்ச்சிக்கொண்டு யாரோ அங்கே இருந்திருப்பார்கள். அவர்கள் என்ன ஆனார்கள் என்று அடுத்து அந்தப் பெண் கேட்பாள்.

தொடக்கக் கதை என்று கேட்டதால் சொல்கிறேன், நம் காலடியிலேயே ஒன்று கிடக்கிறது. பர்மிய அரசர்களின் கண்ணாடி அரண்மனை வரலாறு என்ற பெரிய நூல் இருக்கிறதே, அதன்படி முதல் ராஜா இந்த மண்ணின் ஆளே இல்லை. கபிலவஸ்துவிலிருந்து அபிராஜா என்ற சாக்கிய அரசன் சண்டையில் தோற்றுப் படையோடு கிளம்பி வந்து தகாவுங் நகரத்தை உண்டாக்கினான். அவன் செத்ததும் பட்டம் யாருக்கு என்று இரண்டு பிள்ளைகளுக்கும் தகராறு. ஒரு மந்திரி சொன்னார், சண்டை வேண்டாம், ஆளுக்கொரு தான மண்டபம் ஒரே ராத்திரியில் கட்டுங்கள், முடித்தவனுக்கு நாடு. மூத்தவன் பெரிய பெரிய மரமாகக் கொண்டுவந்து இழைத்துக்கொண்டிருந்தான். இளையவன் மூங்கிலை நட்டு, துணியைச் சுற்றி, வெள்ளையடித்துவிட்டான். விடிந்து பார்த்தால் இளையவன் மண்டபம் பளபளவென்று நிற்கிறது. மூத்தவன் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஐராவதியில் இறங்கி, சிண்ட்வின் என்ற ஆற்றில் ஏறிப் போய்விட்டான். ஒரு ராஜவம்சம் தன் தொடக்கத்தைப் பற்றி எழுதும்போது 'வெள்ளையடித்த மூங்கிலால் ஜெயித்தோம்' என்று எழுதி வைத்திருக்கிறது, நான் முதலில் படித்தபோது இரண்டு தடவை திருப்பிப் படித்தேன்.

அதைவிட முக்கியம், அது எப்போது எழுதப்பட்டது என்பது. பாஜிடா அரசர் அறிஞர்களைக் கூட்டி அந்த வேலையைக் கொடுத்தது 1829-இல். மூன்று வருஷம் முன்னால்தான், 1826 பிப்ரவரியில், யாண்டபோவில் வெள்ளைக்காரனிடம் தோற்றுக் கையெழுத்துப் போட்டு, அரக்கானும் தெனாசரிமும் கைவிட்டுப் போய், ஒரு கோடி ரூபாய் தண்டமும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். தோற்ற பிறகு உட்கார்ந்து, நாம் யார், எங்கிருந்து வந்தோம் என்று எழுதுகிறார்கள். மிண்டோன் அரசர் மண்டலேயை உண்டாக்கியதும் அப்படித்தான், 1852 சண்டையில் பேகு போய் நாட்டுக்குக் கடற்கரையே இல்லாமல் ஆன பிறகு 1857-இல் புது நகரம், புது முகூர்த்தம். மதில் வாசலுக்குக் கீழே ஆட்களை உயிரோடு புதைத்துக் காவல் பேயாக்கினார்கள் என்று ஊரில் சொல்வார்கள், அது ஊர்ப்பேச்சு, ஆனால் உங்கள் மாதிரிக் கதைக்கு நல்ல தீனி. முகூர்த்தம் பார்ப்பது இப்போதும் போகவில்லை, 2005 நவம்பர் 6 காலை 6.37-க்குத்தானே அரசாங்க லாரிகள் புதுத் தலைநகர் நேப்பிடோவுக்குக் கிளம்பின.

ஆக, உங்கள் அடைமலையின் தொடக்க வரலாற்றை முதற்கோன் காலத்தில் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். கதவைச் சாத்திய ராஜாவின் அரண்மனையில் எழுதியிருப்பார்கள். அவர்களுக்கு ஒரு பழைய ராஜா தேவைப்பட்டிருப்பான்.

மோரே பிள்ளை:

நான் பர்மாவில் இல்லை, ஆனால் எட்டிப் பார்த்தால் பர்மா தெரிகிற இடத்தில் இருக்கிறேன், மணிப்பூர் மோரே. எல்லைக்கு அந்தப் பக்கம் பர்மாவின் தாமு. இதில் நான் பேசலாமா என்று தெரியவில்லை, தாம்வே தம்பி கேட்டதால் சொல்கிறேன்.

நீங்கள் எல்லோரும் கதவுக்கு உள்ளே நின்றுகொண்டே பேசுகிறீர்கள். கதவை அடைக்கிற அன்றைக்கு வெளியே இருந்தவன் கதை என்ன? 1962-க்குப் பிறகு, கடைகளும் கம்பெனிகளும் அரசுடைமை ஆன காலத்தில், பர்மாவிலிருந்து கிளம்பிய இந்தியர் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர். கப்பல் ஏறி மெட்ராஸில் இறங்கினார்கள், பர்மா காலனி, பர்மா பஜார், அத்தோ கடை எல்லாம் அப்படி வந்தவைதான். அதில் சிலருக்கு அங்கே ஒட்டவில்லை. தமிழ் பேசினாலும் நாக்கில் ருசி ரங்கூன் ருசி, கனவு பர்மிய பாஷையில். அவர்கள் தரைவழியாகத் திரும்பிப் போய்விடலாம் என்று இந்தியாவின் தென்கோடியிலிருந்து கிழக்குக் கோடிவரை வந்தார்கள். எல்லையில் நிறுத்திவிட்டார்கள். திரும்பவும் மனசில்லை, உள்ளே போகவும் வழியில்லை. நின்ற இடத்திலேயே குடிசை போட்டார்கள். எங்கள் பெரியவர்கள் அவர்கள்தான். மோரேயில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காளபரமேஸ்வரி கோயில் இருக்கிறது, இரண்டு பக்கச் சரக்கும் இந்த ஊர் வழியாகப் போயிருக்கிறது. மோல்மேன் ஐயா சொன்ன ஓட்டை, அதில் உட்கார்ந்தவர்கள் யார் என்றால் கதவுக்கு முன்னால் காத்திருந்தவர்கள்தான்.

அந்தப் பெண்ணின் மூன்று மாமாவும் எங்கே போயிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ரொம்ப தூரம் போயிருக்க மாட்டார்கள். கதவு தெரிகிற மாதிரி ஒரு ஊரில் இருப்பார்கள்.

பேகு அக்கா:

மோரே தம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அடைத்த நாட்டுக்குத் தேவைப்படுவது ஒரு சுவரைவிட ஒரு வருஷம். பர்மாவின் 1982 குடியுரிமைச் சட்டத்தில் அந்த வருஷம் 1823. அதற்கு முன்பே இந்த மண்ணில் இருந்த இனம் என்றால் பிறப்புரிமைக் குடிமகன், இளஞ்சிவப்பு அட்டை. மற்றவர்களுக்கு வேறு வகை, வேறு நிற அட்டை, நீலம், பச்சை என்று. 1823-இல் எதுவும் தொடங்கவில்லை. முதல் ஆங்கில யுத்தத்துக்கு முந்தின வருஷம், அவ்வளவுதான், வெள்ளைக்காரன் கால் வைப்பதற்கு ஒரு வருஷம் முன்னால் கோடு போட்டார்கள். யுத்தம் நடந்த காலத்தில் அப்படி ஒரு கோடு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? 159 வருஷம் கழித்துப் போட்டது. உங்கள் 1,200 வருஷம் என்பதும் அப்படி ஒரு கோடாக இருக்கட்டும். 'முதற்கோன் கதவு நட்டபோது உங்கள் அடுப்பு உள்ளே எரிந்ததா?' என்று கேட்பார்கள், பதில் தெரிந்தவன் உள்ளூர்க்காரன்.

சும்மா வந்தவன்:

சரி, இப்போது எனக்கே விளையாட வேண்டும் போல இருக்கிறது. தாம்வேயில் எந்தத் தெரு?

தாம்வே பையன்:

ஆறு பக்கத்தையும் கிழித்துவிட்டேன் (செய்யுளை மட்டும் வைத்துக்கொண்டேன், அது நன்றாகத்தான் இருந்தது). புதுசு இப்படி வந்திருக்கிறது, ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

பள்ளத்தாக்கில் உவர் ஊற்றைக் காய்ச்சிக்கொண்டு ஊற்றுக்குடிகள் இருந்தார்கள். வெளியே எங்கோ தோற்ற ஒரு கூட்டம் வந்து சேர்ந்தது, பெண் கொடுத்து எடுத்தார்கள், முந்நூறு வருஷம் கணவாய் திறந்தேதான் கிடந்தது, துணியும் இரும்பும் வந்தது, உப்பு போனது. அப்புறம் ஒரு பெரிய படை வந்து பாதி நிலத்தைப் பிடுங்கியது. மறுபடியும் அது வருகிறது என்று தெரிந்த ராத்திரி, ஒன்பது குடும்பங்கள் சேர்ந்து கணவாயில் மூங்கில் நட்டு, துணி சுற்றி, சுண்ணாம்பு அடித்தன. விடிந்ததும் படைக்காரர்கள் பார்த்தது வானத்தை முட்டும் வெள்ளைக் கல் கதவு. திரும்பிப் போய்விட்டார்கள். அன்றைக்குத்தான் ராஜா ஏட்டைக் கொண்டுவரச் சொல்லி, இந்தக் கதவு முதற்கோன் நட்டது, ஆயிரம் வருஷப் பழசு என்று எழுத வைத்தார். முதற்கோன் என்று ஒருவன் இருந்தானா என்பதை எங்கேயும் சொல்லப்போவதில்லை.

உள்ளே இருக்கும் ஜனங்களில் கதவு மூங்கில் என்று தெரிந்தது அந்த ஒன்பது குடும்பங்களுக்கு மட்டும். ஒவ்வொரு அமாவாசையும் புதுசாக வெள்ளையடிக்கிறார்கள். காய்ச்சிக் காய்ச்சி ஊற்று சப்பென்று ஆகிவிட்டது, அதனால் வெள்ளையடிக்கிற ராத்திரி கீழே ஒரு பொந்து திறக்கும், பெயர் உப்புவாய். உப்பு மூட்டையோடு ஒரு ஓலையும் வரும், வெளியே என்ன நடக்கிறது என்று, அதை ராஜா மட்டும் படித்துவிட்டு எரித்துவிடுவார். மூட்டையைத் தள்ளிவிடுகிறவர்கள் வெளியே கதவு தெரிகிற மேட்டில் குடியிருக்கும் நின்றவூர்க்காரர்கள், அன்றைக்கு ராத்திரி வியாபாரத்துக்கும் கல்யாணத்துக்கும் வெளியே போயிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள். கதவு மூங்கில் என்று அவர்களுக்கும் தெரியும், தட்டினால் சத்தத்திலேயே தெரியுமே. ஆனாலும் உதைத்து உள்ளே வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை ஆடுகிறவர்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தங்கச்சி முழுதும் கேட்டாள். மூன்று மாமாவையும் நின்றவூரில் வைத்திருக்கிறேன் என்றதும் ஒன்றும் சொல்லவில்லை, தாயக்கட்டையை எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, "உப்புவாயில் உப்பை எதில் அளப்பார்கள்?" என்றாள். படி என்று போடவா, மூட்டை என்று போடவா?

மோல்மேன்காரர்:

வீசை என்று போடுங்கள். இங்கே கறிக்கடையில் இன்றைக்கும் நாம் வாங்குவது வீசைக் கணக்குத்தானே, ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். பர்மியர்கள் பெய்த்தா என்கிறார்கள், வெள்ளைக்காரன் தன் புத்தகத்தில் 'விஸ்' என்று எழுதிக்கொண்டது நம் வீசையைத்தான், நம் ஆட்கள் கப்பலில் கொண்டுவந்த சொல். உங்கள் உப்புவாயில் எடைக்கல் யாருடைய நாட்டுக் கல் என்று அடுத்த சனிக்கிழமை அவள் கேட்பாள், பதிலோடு போங்கள்.